படை பலமாக இருக்கும்போது மாத்திரை எதற்கு? எச்ஐவி, டி செல் பற்றிச் சித்தப்பா கேட்ட கேள்வி

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம், சேலம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்தக் கேள்வி பாடத்தில் இருந்தும் வந்தது, வீட்டில் இருந்தும் வந்தது. என் சித்தப்பாவுக்கு எச்ஐவி இருக்கிறது. 2011 இல் தெரியவந்தபோது அவருடைய சிடி4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்திக்கு உதவும் ஒரு வகை டி செல்லின் கணக்கு) 180. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் ஏஆர்டி மாத்திரை, அதாவது எச்ஐவி பெருகாமல் தடுக்கும் மருந்து, சாப்பிடுகிறார், இப்போது எண்ணிக்கை 640, ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி கண்டறியப்படவில்லை என்றே வருகிறது. காலையில் அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பார், பார்த்தால் உடம்பில் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வேலை நடுவிலேயே கேட்டார்: "சிடி4 ஏறிடுச்சு, ரத்தத்தில் கிருமியே தெரியலைன்னு சொல்றாங்க, அப்போ என் உடம்பில் படை பலமாத்தானே இருக்கு, மிச்சம் மீதியை அந்தப் படையே பார்த்துக்காதா, நான் எதுக்கு இன்னும் மாத்திரை போடணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் "எச்ஐவி சிடி4 செல்களை அழிக்கிறது, அதனால் எதிர்ப்புச் சக்தி குறைகிறது" என்ற ஒரு வரியோடு தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்வது சிடி8 டி செல்லின் வேலை என்று அதற்கு முந்தைய பாடத்திலேயே இருக்கிறது. ஃப்ளூவில் அது வேலை செய்கிறது. எச்ஐவி வந்த முதல் நாளில் சிடி8 செல்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன, அப்புறம் எப்படித் தோற்கின்றன? சண்டையாவது போடுகின்றனவா?

பயணி77:

பத்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டாகிவிட்டது, எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது என்றால் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே. எனக்குத் தெரிந்த ஒருவர் நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினார், ஆறு மாதமாக நன்றாகத்தான் இருக்கிறார்.

மிளகுக்கொடி (நாகலூர், ஏற்காடு):

பயணி77 சொன்னதற்கு முதலில் பதில். வேண்டவே வேண்டாம். உங்கள் நண்பரையும் உடனே ஏஆர்டி மையத்துக்குப் போகச் சொல்லுங்கள், ஆறு மாதம் நன்றாகத் தெரிவதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, மருந்து இல்லாமலேயே பல வருடம் வெளியே தெரியாமல் போகிற நோய் இது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முறையாகச் செய்து பார்த்தே விட்டார்கள். 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து ஸ்மார்ட் என்ற ஆய்வு நடந்தது, எல்லாருமே சிடி4 350க்கு மேல் இருந்தவர்கள், அதாவது படை பலமாக இருந்தவர்கள். ஒரு பாதிப்பேர் விடாமல் மாத்திரை சாப்பிட்டார்கள், இன்னொரு பாதி சிடி4 250க்குக் கீழே இறங்கும் வரை நிறுத்திவிட்டு அப்புறம் தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் பாதியிலேயே ஆய்வை நிறுத்த வேண்டி வந்தது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்கு நோய்த்தொற்றோ மரணமோ வருவது மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது.

சரி, இப்போது தங்கையின் கேள்வி. நான் நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்கிறவள், அதனால் இதில் கொஞ்சம் நீளமாக எழுதிவிடுவேன்.

டி செல்கள் சண்டை போடுகின்றன, அதுவும் ஆரம்பத்தில் பிரமாதமாக. தொற்று ஏற்பட்ட இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் உச்சிக்குப் போகும். அதே சமயத்தில் எச்ஐவியை அடையாளம் காணும் சிடி8 செல்கள் பெருகி வருகின்றன, வைரஸ் அளவு சடசடவென்று இறங்குகிறது. அவைதான் இறக்குகின்றன என்பதைக் குரங்குகளில் காட்டினார்கள். 1999 இல், எஸ்ஐவி (எச்ஐவி போலவே குரங்குகளுக்கு வரும் வைரஸ்) தொற்றிய ரீசஸ் குரங்குகளின் உடம்பில் இருந்து சிடி8 செல்களை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது வைரஸ் பொங்கி மேலே போனது, சிடி8 செல்கள் திரும்பி வந்ததும் மறுபடி இறங்கியது. ஆனால் இறங்கிய வைரஸ் பூஜ்யத்துக்குப் போகாமல் ஒரு மட்டத்தில் போய் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் உங்கள் சித்தப்பாவின் கேள்வியே.

பட்டறைக் குடும்பம் என்று எழுதியிருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். டி செல்லால் இன்னொரு செல்லுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. உள்ளே தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தைச் செல்லே எப்போதும் நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளத் துணுக்குகளாக்கி, எச்எல்ஏ என்ற தாங்கியில் வைத்து வெளிச்சுவரில் மாட்டி வைக்கிறது. சிவதாபுரத்தில் ஒவ்வொரு பட்டறையும் இன்றைக்கு உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பதற்கு ஒரு சலங்கை, ஒரு கொக்கி, ஒரு துண்டுச் சங்கிலி என்று மாதிரி எடுத்து வாசலில் ஆணியடித்து மாட்ட வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரோந்து வருகிறவர் உள்ளே வர மாட்டார். வாசலில் தொங்குவதை விரலால் தடவிப் பார்ப்பார், ஊர்ச்சரக்கு என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், வேற்றுச் சரக்கு ஒன்று தொங்கினால் போதும், பட்டறையையே இடித்துவிடுவார். அந்த ரோந்துக்காரர்தான் சிடி8 செல்.

இப்போது வைரஸ் என்ன செய்ய வேண்டும்? தன் சரக்கு வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்ஐவியிடம் நெஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது, சுமார் 206 அமினோ அமிலம்தான், மிகச் சின்னது. செல்லுக்குள் வைரஸ் வேலையைத் தொடங்கியதும் முதலிலேயே தயாராகிறவற்றில் அதுவும் ஒன்று. சுவருக்குப் போய்க்கொண்டிருக்கும் எச்எல்ஏ தாங்கியின் வாலைப் பிடித்து, வழியிலேயே திருப்பி, செல்லின் குப்பைக் கிடங்கான லைசோசோமுக்கு அனுப்பிவிடுகிறது. வாசலில் மாதிரி குறைந்துவிடுகிறது. ரோந்துக்காரர் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை, போய்விடுகிறார்.

ஆனால் உடம்பும் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. என்கே செல் என்று இரண்டாவது ரோந்து. அது சரக்கு எது என்றெல்லாம் பார்க்காது, ஆணியில் ஏதாவது தொங்குகிறதா என்று மட்டும் பார்க்கும், வாசல் காலியாக இருந்தால் அங்கேயே அந்தச் செல்லைக் கொன்றுவிடும். அதனால் எல்லாத் தாங்கியையும் நெஃப் இழுத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். அது எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டை மட்டும்தான் இழுக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான சிடி8 செல்கள் பார்ப்பது அவற்றைத்தான். எச்எல்ஏ-சி, எச்எல்ஏ-இ இரண்டையும் தொடாமல் தொங்கவிட்டுவிடுகிறது, அவை என்கே செல்லைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுகின்றன. ஏ, பி வால்களில் இருக்கும் டைரோசின் என்ற ஓர் அமினோ அமிலத்தை நெஃப் பிடிக்கிறது, சி-யின் வாலில் அந்த இடம் வேறு மாதிரி இருப்பதால் பிடி கிடைப்பதில்லை. இதை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டி வாசிக்கவே முடியவில்லை, ஒரே ஒரு அமினோ அமிலத்தில் ஒருவருடைய ஆயுள் தொங்குகிறதே என்று.

நெஃப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மனித சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1980களின் தொடக்கத்தில் ஒரே கொடையாளியின் ரத்தம் ஏற்றப்பட்ட சிலருக்கு எச்ஐவி வந்தது, ஆனால் பல வருடம் ஆகியும் அவர்களுக்கும் கொடையாளிக்கும் எய்ட்ஸ் வரவில்லை. 1995 இல் அந்த வைரஸைப் பிரித்துப் படித்தபோது நெஃப் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. (பிற்பாடு அவர்களில் சிலருக்கும் சிடி4 மெல்ல இறங்கியது, அதனால் நெஃப் மட்டுமே கதை இல்லை.)

இளம்பிள்ளைத்தறி:

நான் அறிவியல் படித்தவன் இல்லை, சேலைக்கு ஜக்கார்டு அட்டை அடிக்கிறவன். என் மனைவி நர்ஸ், அவர் சொல்லிக் கேட்டதில் ஒரு சந்தேகம். எச்ஐவி அடிக்கடி உருமாறிவிடும் என்கிறார்கள். எங்கள் வேலையில் அட்டையைப் பார்த்து இன்னொரு அட்டை அடிக்கும்போது ஓர் ஓட்டை தவறி விழுந்தால் பூவில் ஒரு இதழ் மாறிவிடும், தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் பழைய பூவை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் பார்த்தால் "இது எங்கள் டிசைன் இல்லை" என்று சொல்லிவிடுவார். டி செல் பழைய பூவை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது, வைரஸ் தவறாக அடித்த அட்டையோடு தப்பிக்கிறது, இப்படிப் புரிந்துகொண்டால் சரியா? அப்படியென்றால் தப்பாக அடித்தே எந்தப் படையையும் ஏமாற்றிவிடலாமே, அதற்கு முடிவே கிடையாதா?

மிளகுக்கொடி:

அண்ணா, இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. எச்ஐவியின் அட்டையில், அதாவது அதன் மரபணுத் தொகுப்பில், சுமார் 9,700 எழுத்து. அதைப் பிரதி எடுக்கும் என்சைமுக்குத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் கிடையாது, ஏறக்குறைய மூன்று பிரதிக்கு ஒரு பிழை விழுகிறது. மருந்து சாப்பிடாத ஒருவர் உடம்பில் ஒரு நாளில் ஆயிரம் கோடி வைரஸ் வரை உருவாகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 9,700 இடத்தில் எந்த இடத்து ஓட்டை மாற வேண்டுமானாலும் அது இன்றைக்கே எங்கேயோ மாறியிருக்கும். சிடி8 செல் ஒரு துணுக்கைக் குறிவைத்துப் பழைய பூ எல்லாவற்றையும் கொல்லும்போது, இதழ் மாறிய பூ மட்டும் மிஞ்சிப் பெருகுகிறது. டி செல்லின் கண்ணில் இருந்து எச்ஐவி இப்படித் தப்புவதை 1991 இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் காட்டிவிட்டார்கள்.

முடிவே கிடையாதா என்று கேட்டீர்களே, அந்த இடம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்த இடம். சேலையில் பூவில் ஓட்டை மாறினால் பூதான் மாறும். கரையைக் கோத்துப் பிடிக்கும் இடத்தில் மாறினால்? இழை தளர்ந்து சேலையே நிற்காது இல்லையா? வைரஸின் உட்கூடு, அதாவது கேப்சிட், அப்படிப்பட்ட இடம். எச்எல்ஏ-பி57 என்ற வகைத் தாங்கியோடு பிறந்தவர்களின் சிடி8 செல்கள் பார்ப்பது அந்தக் கேப்சிட் துணுக்கை. தப்பிக்க வைரஸ் அங்கே மாறுகிறது, ஆனால் மாறினால் பெருகும் வேகம் குறைந்துவிடுகிறது. அந்த மாறிய வைரஸ் பி57 இல்லாத இன்னொருவருக்குப் போனால் மாற்றத்தைக் கழற்றிவிட்டுப் பழைய உருவத்துக்கே திரும்புகிறது, அதாவது அந்த மாற்றம் அதற்குப் பாரம். பி27 உள்ளவர்களிடம் இன்னும் கடினம், அங்கே தப்பிக்க ஓர் ஓட்டையை மாற்றினால் போதாது, அது உண்டாக்கும் தளர்வைச் சரிக்கட்ட இன்னொரு ஓட்டையையும் மாற்ற வேண்டும், அதற்குப் பல வருடம் பிடிக்கிறது. மாத்திரையே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலரில் இந்த இரண்டு வகையும் அடிக்கடி காணப்படுவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிடி8 செல் தனியாக வேலை செய்வதில்லை, சிடி4 செல்லின் உதவி வேண்டும், எச்ஐவி புகுவதோ அந்தச் சிடி4 செல்லில். அதிலும் எச்ஐவியை அடையாளம் காணும் சிடி4 செல்கள்தான் வைரஸ் இருக்கும் இடத்துக்கு ஓடி வருகின்றன, அதனால் மற்றவற்றைவிட அவைதான் அதிகம் மாட்டுகின்றன. உதவி இல்லாமல், எதிரியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கும் சிடி8 செல் ஓய்ந்து போகிறது, அதன் மேல் பிடி-1 என்ற தடுப்பு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. செல் இருக்கும், எண்ணினால் கணக்கில் வரும், ஆனால் கை ஓங்காது. 2006 இல் இதைக் கண்டார்கள். எண்ணிக்கை ஏறினால் படை பலமாகிவிட்டது என்று சித்தப்பா நினைப்பதில் விட்டுப்போகிற விஷயம் இது.

ஓய்வுபெற்ற_லேப்காரர் (அஸ்தம்பட்டி):

கண்ணு, மிளகுக்கொடி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உன் சித்தப்பாவின் கேள்விக்கு முக்கியப் பதில் இன்னும் வரவில்லை என்று தோன்றுகிறது. அவர் ரத்தத்தில் இப்போது வைரஸ் உருமாறவும் இல்லை, பெருகவும் இல்லை, மாத்திரை நிறுத்தி வைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது தூங்குகிறது. அதைத்தான் படையால் தொட முடியாது.

எங்கள் ஊரில் மாங்கொட்டை வண்டு பார்த்திருப்பாய். காய் பிஞ்சாக இருக்கும்போதே வண்டு மேல்தோலில் முட்டையிடும், புழு சதை வழியாகக் கொட்டைக்குள் போய்விடும், காய் பருக்கப் பருக்க அது போன வழி மூடிக்கொள்ளும். சித்திரை வைகாசியில் கூடையில் இருக்கும் மல்கோவாவை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் ஒரு புள்ளி தெரியாது. அறுத்துக் கொட்டையை உடைத்தால்தான் கருப்பாக உட்கார்ந்திருப்பது தெரியும். எச்ஐவி அந்த மாதிரி. தன் மரபணுவைச் சிடி4 செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே கோத்துவிடுகிறது. அந்தச் செல் நினைவுச் செல்லாக ஓய்வுக்குப் போய்விட்டால் வைரஸும் அதோடு ஓய்ந்துவிடும், ஒரு புரதமும் தயாராகாது. சரக்கே தயாராகாத பட்டறை வாசலில் மாதிரி எப்படித் தொங்கும்? ரோந்துக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி, அந்த வாசலைக் கடந்து போய்விடுவார். மாத்திரையும் அதை ஒன்றும் செய்யாது, மாத்திரை தடுப்பது வைரஸ் பெருகுவதை, இது பெருகவே இல்லை.

இப்படித் தூங்கும் செல் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்றுதான். ஆனால் அந்தத் தொகை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. அந்தக் கணக்கில் மாத்திரையால் மட்டும் முழுசாகத் தீர வேண்டுமென்றால் 73 வருடம் ஆகும் என்று 2003 இல் கணக்கிட்டார்கள். மிசிசிப்பியில் 2010 இல் எச்ஐவியோடு பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள், 18 மாத வயதில் மருந்து நின்றுபோனது, அப்புறம் 27 மாதம் வைரஸ் கண்ணிலேயே படவில்லை, குணமாகிவிட்டது என்று உலகமே எழுதியது. 2014 இல் திரும்பி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு அவ்வளவு நாள்கூடத் தாங்காது, நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும்.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல். நான் 1990களில் இருந்து இந்தப் பரிசோதனை செய்தவன். 1986 இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்த பிறகு, எங்களைப் போன்ற ஊர்களில் பத்து வருடத்துக்கும் மேல் நாங்கள் செய்ய முடிந்தது 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுப்பது மட்டும்தான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் இருந்து வரும் லாரிக்காரர்கள் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு "அப்புறம் சார்?" என்பார்கள். அந்த 'அப்புறம்' என்பதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச ஏஆர்டி தொடங்கியது, தாம்பரம் மருத்துவமனையும் அதில் ஒன்று. இங்கே மையம் வரும் வரைக்கும் ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போய் ஒரு மாதத்து மாத்திரையோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில், டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர், நாளுக்கு ஒன்று. அதை விட வேண்டாம் என்று சொல். ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவில் வைத்திருக்கும் வரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது, இதையும் அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கொலுசுப்பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பட்டறையிலேயே இதை முழுக்கச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாசலில் மாதிரி மாட்டும் இடம் வந்ததும் ஒரு சலங்கையை எடுத்து ஆணியில் மாட்டி, "இதை மட்டும் கழட்டிட்டு அந்தக் கொக்கியை விட்டுடுது, அதுதானே?" என்றார். மாங்கொட்டை வண்டு வந்ததும் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, போன வருடம் ஒரு பல் மருத்துவர் இவர் எச்ஐவி என்று சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டு 'வேறு இடம் பாருங்கள்' என்று அனுப்பியதைச் சொன்னார். எங்களுக்கே அது நேற்றுதான் தெரியும். அதற்கப்புறம்தான் மாத்திரை மேல் வெறுப்பு வந்திருக்கிறது, மாத்திரை இருக்கும் வரைக்கும் இந்தப் பெயரும் இருக்கும் என்று.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: தூங்குவதை எழுப்பிவிட்டால் படை கொன்றுவிடாதா? என் கேள்வி ஒன்று: வேறு வைரஸும் இப்படி ஒளிந்து இருக்குமா, எச்ஐவி மட்டும்தானா?

ஓய்வுபெற்ற_லேப்காரர்:

அந்தப் பல் மருத்துவர் செய்தது சட்டப்படியே தவறு. 2017 எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது, எச்ஐவி இருப்பதால் சிகிச்சை மறுக்கக் கூடாது. 1097 இலவச எண், அதில் கேட்டால் எங்கே புகார் கொடுப்பது என்று சொல்வார்கள். சித்தப்பாவோடு நீயும் ஒரு முறை மையத்துக்குப் போய் ஆலோசகரிடம் பேசு கண்ணு, அவர் இவ்வளவு நாள் இதைத் தனியாக வைத்திருந்திருக்கிறார்.

மிளகுக்கொடி:

உங்கள் கேள்விக்கு முதலில். எச்ஐவி மட்டும் இல்லை. வாசலில் மாதிரி வராமல் பார்த்துக்கொள்வதில் ஹெர்பிஸ் குடும்பம் எல்லாவற்றுக்கும் மூத்தது. உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், துணுக்குகள் எச்எல்ஏவிடம் போய்ச் சேரும் வாயிலையே ஐசிபி47 என்ற புரதத்தால் அடைத்துவிடுகிறது. சைட்டோமெகலோ வைரஸ் தாங்கியைத் தயாராகும் இடத்திலேயே சிதைக்கிறது, என்கே செல்லை ஏமாற்றப் போலித் தாங்கி ஒன்றையும் சொந்தமாகச் செய்து மாட்டுகிறது. அக்கி தெரியுமா? எங்கள் பாட்டிக்கு வந்தபோது குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார்கள். அது சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான், அறுபது வருடம் முதுகெலும்பு ஓரத்து நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்துவிட்டு, வயதாகி டி செல் காவல் தளரும்போது அந்த நரம்பு ஓடும் பட்டையில் மட்டும் வெளியே வருகிறது. ஆனால் இவை எல்லாம் நம்மோடு பல லட்சம் வருடம் பழகியவை, பெரும்பாலும் நம்மைக் கொல்லாமல் குடியிருக்கும். எச்ஐவி மனிதனுக்கு வந்து நூறு வருடத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான், அதோடு அது குடியேறுவதே காவல்காரரின் வீட்டில்.

இப்போது சித்தப்பாவின் கேள்வி. அவர் கேட்டதைத்தான் பெரிய பெரிய ஆய்வகங்களும் கேட்டன, அதே வரிசையில். 2012 இல் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தை, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எச்ஐவி நோயாளிகள் எட்டுப் பேருக்கு ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். தூங்கிய வைரஸ் எழுந்தது உண்மை, அதன் ஆர்என்ஏ அதிகமானது. ஆனால் எழுப்பினாலும் தூங்கும் செல்களின் தொகை குறையவில்லை, அப்புறம் வந்த ஆய்வுகளிலும் இதே கதைதான். ஏன் என்று அதே வருடம் இன்னொரு குழு ஆய்வகத் தட்டில் பார்த்தது. எழுப்பப்பட்ட செல்லின் பக்கத்திலேயே அந்த நோயாளியின் சிடி8 செல்களை வைத்தாலும் அவை கொல்லவில்லை. முதலில் சிடி8 செல்களுக்கு வைரஸ் துணுக்குகளைக் காட்டிக் கொஞ்ச நாள் தட்டியெழுப்பிய பிறகுதான் கொன்றன. 2015 இல் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. தொற்று வந்த உடனே இல்லாமல் தாமதமாக மருந்து தொடங்கியவர்களிடம் தூங்கும் வைரஸ் ஏறக்குறைய எல்லாமே ஏற்கெனவே தப்பித்த வைரஸ், இளம்பிள்ளை அண்ணா சொன்ன தவறி அடித்த அட்டை. எழுந்து வாசலில் மாதிரி மாட்டினாலும் பழைய பூவைத் தேடும் ரோந்துக்காரருக்கு அது புரியாது.

நம்பிக்கையும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்த வைரஸில் மாறாத துணுக்குகளும் இருந்தன, அவற்றைக் காட்டிப் பழக்கிய சிடி8 செல்கள் அதை அடையாளம் கண்டு கொன்றன. அதனால் இப்போது எழுப்பும் மருந்தை மட்டும் நம்பாமல், எழுப்புவதற்கு முன்பே மாற முடியாத இடங்களை மட்டும் காட்டும் தடுப்பூசியால் சிடி8 செல்களைப் பழக்குவது எப்படி என்று பார்க்கிறார்கள். நானும் அந்தப் பக்கத்தில்தான் வேலை செய்கிறேன். படையே பார்த்துக்கொள்ளாதா என்று சித்தப்பா கேட்டாரே, பார்த்துக்கொள்ள வைக்கத்தான் முயல்கிறோம், இன்னும் முடியவில்லை, முடியும் வரைக்கும் அந்த வேலையை ராத்திரி சாப்பிடும் ஒரு மாத்திரை செய்துகொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். பொங்கலுக்கு நாகலூர் வருவேன், அவருக்குச் சம்மதம் என்றால் இறங்கும்போது பட்டறைக்கு வந்து நேரிலேயே பேசுகிறேன்.

கொலுசுப்பட்டறை:

வரச் சொல்லச் சொன்னார் அக்கா.